வாசலைப் பார்த்திருந்த சப்பாத்துகள்

வேலைக்காலம் முழுவதும் கட்டடப் பொறியியலாளனாக இருந்தவன் நான். சுவர் வெடித்தால் அதற்குக் காரணம் உண்டு. கதவு தானாகத் திறந்தால் பிணைச்சலைத்தான் பார்ப்பேன். ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

லண்டனில் விக்டோரியா காலத்து மாளிகை ஒன்று அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது. மருத்துவமனைக்குப் போகும் பேருந்தின் மேல்தட்டிலிருந்து என் மனைவி பவானி அதை ஒவ்வொரு முறையும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். "என்னப்பா, சுகமானாப்பிறகு ஒருக்கா உள்ளை போய்ப் பாப்பமே?" என்பாள். சுகமாகவில்லை. அவளுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தபின், அவளுக்காக அதைப் பார்த்துவிடுவதென்று, ஒரு மழைநாளில் அவளுடைய தம்பி ரவியுடன் போனேன்.

வாசலில் என்னையறியாமலே குனிந்து சப்பாத்துகளைக் கழற்றிவிட்டேன்.

"அத்தான், இது மியூசியம். சாமத்தியவீடு இல்லை," என்று ரவி சிரித்தான்.

"வீடுதானே," என்றேன்.

"அப்ப சோக்ஸோடை வாங்கோ. தேத்தண்ணி தருவினமோ எண்டும் கேட்டுப் பாப்பம்."

கதவருகே அமர்ந்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணியும் சிரித்து, ஓரமாக வைக்கச் சொன்னார். சுவரைப் பார்த்தபடி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அந்த வீட்டைக் கட்டியவர்களை வணங்கத் தோன்றியது. தூண் எதுவும் தாங்காமல், சுவரில் ஒரு முனை மட்டும் பதிந்து வளைந்தேறும் கற்படிகளின் கீழே நெடுநேரம் நின்றேன். வண்ணக் கண்ணாடிகள் அந்த மழை வெளிச்சத்தையும் மாதுளைச் சிவப்பாக்கித் தரையில் விரித்திருந்தன. யாரும் உட்காராதிருக்கப் பட்டு நாற்காலிகளில் காய்ந்த முட்பூ ஒவ்வொன்று வைத்திருந்தார்கள். தடுப்பதிலும் அப்படியொரு மரியாதை. எல்லாவற்றையும் மனத்துக்குள் பவானிக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

திரும்பி வந்தபோது என் சப்பாத்துகள் வாசலைப் பார்த்தபடி இருந்தன. நாடாக்கள் உள்ளே செருகப்பட்டிருந்தன.

எங்கள் வீட்டில் அது அவள் செய்கிற வேலை. நான் கழற்றிப் போட்டதைத் திருப்பி, நாடா மிதிபடாமல் உள்ளே செருகி, அடுத்த நாள் புறப்பட வாகாக வைப்பாள்.

"நீ திருப்பினனியோ?"

"நான் உங்களோடைதானே அத்தான் நிண்டனான்." ரவியின் முகத்தில் சிரிப்பு இல்லை.

அந்தப் பெண்மணியைக் கேட்டோம். தான் கதிரையை விட்டு எழவேயில்லை, எங்களுக்குப் பின் எவரும் உள்ளே வரவுமில்லை என்றார்.

காரணம் தேடினேன், இன்னும் தேடுகிறேன். அவளும் வீட்டைப் பார்த்தாள் என்று எழுத என் படிப்பு விடவில்லை.

இப்போதும் என் வீட்டில் சப்பாத்துகளைச் சுவரைப் பார்த்தே கழற்றி வைக்கிறேன். காலையில் எழுந்ததும் முதலில் அங்கேதான் போகிறேன். அவை நான் வைத்தபடியே இருக்கின்றன.