தானே கரையும் உப்பு

அறுபதுகளின் தொடக்கத்தில், எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆங்கிலக் கடிதங்களைப் படித்துச் சொல்லும் குமாஸ்தாவாக இருந்தேன். பி.ஏ. படித்தவன், வெடிமருந்தைத் தொட்டதில்லை. இரண்டையுமே தகுதி என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் வெடியுப்புக்குப் பதிலாக, விலை மலிந்த வேறோர் உப்பு மூட்டை மூட்டையாக வந்திறங்கியது. கூட வந்த கடிதத்தில் இந்தப் படிகங்கள் ‘டெலிக்வெசென்ட்’ என்று கண்டிருந்தது. முதலாளி அர்த்தம் கேட்டார். அகராதியைப் புரட்டினேன். லத்தீனிலிருந்து வந்த சொல், உருகி நீராவது என்று மூலப்பொருள், காற்றின் ஈரத்தைக் குடித்துத் தானே கரைகிற படிகத்தை அப்படிச் சொல்வார்கள் என்று வகுப்பே எடுத்தேன். லத்தீனில் எனக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான், அதுவும் அரைமணி நேரமாக.

முதலாளி சன்னலுக்கு வெளியே வெடித்துக் கிடந்த கரிசலைப் பார்த்தார். “நம்மூருக் காத்துல ஈரம் எங்கனய்யா இருக்கு?”

எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. தீபாவளிக்கு முந்திய கடைசி லோடு போகவேண்டும். மருந்து கலக்கும் அண்ணாச்சி உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வந்தார். கலவை கூழாக ஒட்டியிருந்தது.

“ஒங்க இங்கிலீசு ஒழுகுது, பாருங்க.”

“நான்தான் அப்பவே சொன்னேனே” என்றேன், பெருமையாக.

“நனைஞ்ச மருந்தக் குழி தோண்டிப் பொதைக்கிறதுதான் வழக்கம். மொதலாளி கூடாதுங்காக. காயப்போட்டாச் சரியாயிருமா? படிச்சவுக, சொல்லுங்க.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். “தண்ணி போயிட்டா பழையபடி படிகந்தானே, அண்ணாச்சி” என்றேன்.

வெறும் உப்புக்கு அது சரி. கலவையில் அலுமினியத் தூளும் இருந்தது. ஈரம் பட்டால் அந்தக் கலவை தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்பது, பின்னால் விசாரணைக்கு வந்த அதிகாரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் வெயில் எட்டிப் பார்த்தது. சாக்கில் பரப்பி, கட்டிகளைக் கையால் உடைத்துக்கொண்டிருந்தாராம். சத்தம் கேட்டு ஓடியபோது சாக்கு இல்லை. அண்ணாச்சிக்கு உயிர் இருந்தது, மூன்று நாள்.

துக்கத்துக்குப் போனேன். அவர் மனைவி என்னைக் குற்றம் சொல்லவில்லை.

“வேண்டாம்னு அம்புட்டுச் சொன்னேன்யா. நீங்க சொல்லிட்டீகன்னு தைரியமாப் போனாக. எங்க வீட்டுக்காரர் மேல தப்பில்லன்னு அந்த அதிகாரிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும்.”

சொல்கிறேன் என்றேன். அதிகாரிக்குப் போகவேண்டிய கடிதம் அப்போது என் சட்டைப்பையில்தான் இருந்தது. விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு என்று, முதலாளி சொல்லச்சொல்ல நானே எழுதியது. நல்ல ஆங்கிலம். திரும்பும் வழியில் தபாலில் சேர்த்தேன்.