மூக்கு ஒழுகிய பாய்லர்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டுக் குளியலறையில் வெடிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் கூரை ஓடு ஒன்றைக் காணோம். இதைப் பத்திரிகைக்கு அவசரமாக எழுதி அனுப்புகிறேன். அச்சுக்கோர்ப்பவர் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. மார்கழிக் குளிர் வேறு. குழந்தையைக் குளிப்பாட்ட என் அக்கா அனுமந்தன்பட்டியிலிருந்து வந்திருக்கிறாள். விறகடுப்பை ஊதி ஊதி அவளுக்குக் கண் சிவந்து போனதைப் பார்த்து, மதுரையிலிருந்து ரயில் பார்சலில் ஒரு தாமிர பாய்லர் வரவழைத்தேன். தேனிக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவன் வீட்டில் ஒரு பாய்லர்கூட இல்லாவிட்டால் எப்படி?

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவில் கரி போடும் குழாய், சுற்றிலும் தண்ணீர். ஒரு பக்கம் அடிவரை இறங்கும் புனல், எதிர்ப்பக்கம் மேலே மூக்கு. புனலில் ஒரு செம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றினால், மூக்கு வழியாக ஒரு செம்பு வெந்நீர் வரும். அவ்வளவுதான்.

ஒரே ஒரு குறை. கரி பிடித்துத் தண்ணீர் சூடேற ஆரம்பித்தால் மூக்கு சொட்டும். சொட்... சொட்... யாரும் ஊற்றாமலே சொட்டும்.

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "ஏலே, தண்ணி ஒழுகுற வீட்டுல லட்சுமி நிப்பாளாலே?" என்றாள். காலையில் ஒரு தடவை, நான் சாப்பிட உட்கார்ந்ததும் ஒரு தடவை. கடையில் வியாபாரம் மந்தம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். போதாதா?

பாய்லரை நான் ஆராய்ந்தேன். தட்டிப் பார்த்தேன். பற்றவைத்த இடங்களை விரலால் தடவினேன். விரிசல் எதுவும் அகப்படவில்லை. பார்சலோடு ஆங்கிலத்தில் ஒரு காகிதம் வந்திருந்தது. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். ஆனால், வெந்நீர் வைப்பதைக் காகிதத்தில் படித்தா தெரிந்துகொள்ள வேண்டும்? திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு கட்டையைச் சீவி, துணி சுற்றி, மூக்குக்குள் அடித்து இறக்கினேன். குளிக்கும்போது பிடுங்கிக்கொண்டால் போகிறது. என்ன மூளை! அக்காவே மெச்சினாள்.

மறுநாள் காலை அவள் கரியைப் போட்டுவிட்டு, வழக்கம்போல் பாய்லருக்குப் பக்கத்தில் மணை போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். குழந்தையைக் கொண்டுவரச் சொன்னாள். அதுவோ நல்ல தூக்கத்தில் இருந்தது. என் மனைவி எழுப்ப மறுத்துவிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! கடைக்கு நேரமாகிறது, கரி வீணாகிறது, இந்த வீட்டில் என் பேச்சுக்கு என்ன மரியாதை... என்னென்னவோ கத்தினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"தூங்குற பிள்ளைய நான் எழுப்ப மாட்டேன். வெந்நி எங்கன போயிரப் போகுது? மதினிய வந்து காப்பி குடிக்கச் சொல்லுங்க."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வந்தாள். காப்பித் தம்ளரைக் கையில் வாங்கியிருக்க மாட்டாள், அதற்குள் —

புனல் பறந்துபோய்க் கூரையில் மோதியது. கொதிக்கிற தண்ணீர் கூரைவரை பீறிட்டு எழுந்து, உடைந்த ஓட்டோடு மணைமேல் கொட்டியது. அக்கா சுவரைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்துவிட்டாள். மணையிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டே இருந்தது. அங்கேதான் அக்கா காலை நீட்டுவாள். அந்தக் கால்மேல்தான் குழந்தையைப் படுக்கப் போடுவாள்.

என் மனைவி மட்டும் என் பேச்சைக் கேட்டிருந்தால்? ஐயோ...

அடுத்தபடியாக நான் என்ன செய்தேன் தெரியுமா? மதுரைக் கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்தேன்! உடைசல் பாய்லரை என் தலையில் கட்டிவிட்டதாகச் சத்தம் போட்டு, அதற்குச் சாட்சி சொல்லப் பாத்திரப் பட்டறை ஆசாரியையும் கூட்டி வந்தேன். அவர் பாய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மூக்குக்கு நேரே குனிந்தார்.

"இத அடைச்சது யாரு?"

அக்கா என்னைப் பார்த்தாள். மனைவியும் என்னைப் பார்த்தாள்.

தண்ணீர் சூடானால் பெருகும், பெருகினால் அதற்குப் போக வழி வேண்டும், அதற்காகத்தான் மூக்கு, அதை அடைத்ததால் ஆவி முட்டித் தண்ணீரைப் புனல் வழியே தள்ளிவிட்டது என்று ஆசாரி பொறுமையாக விளக்கினார். கட்டையைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

"பாய்லர்ல ஒரு குத்தமும் இல்லீங்கய்யா. பொட்டிப்புரத்துல ஒரு வீட்டுலயும் இப்பிடித்தான் அடைச்சு வச்சிருந்தாக. அந்தம்மாவுக்கு மூஞ்சியெல்லாம் வெந்துபோச்சு."

அவர் போனபிறகு அந்த ஆங்கிலக் காகிதத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். மூக்கை அடைக்கக் கூடாது என்பதுதான் முதல் வரி. அதுவும் கொட்டை எழுத்தில்!

யோசித்துப் பார்த்தால், வீட்டில் நமக்குப் பிடிக்காத சத்தம் எது கேட்டாலும் முதலில் அதன் வாயை அடைக்கத்தான் தோன்றுகிறது. பாய்லரானாலும் சரி, பெண்டாட்டியானாலும் சரி. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கிறோமா? பாய்லர் அடங்கினாற்போல் இருந்து வெடித்தது. நல்லவேளை, அவள் அடங்கவில்லை.

இப்போது மூக்குக்குக் கீழே ஒரு கிண்ணம் வைத்திருக்கிறோம். சொட்டுச் சத்தம் கேட்டதும் அக்கா எதையோ சொல்ல வாயெடுக்கிறாள். அப்புறம் தொட்டில் பக்கம் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறாள்.

எங்கள் வீட்டு லட்சுமி தொட்டிலில் தூங்குகிறாள். அக்கா சொன்ன லட்சுமி சொட்டுச் சொட்டாகப் போனால்... போகட்டும்!