வெர்லா அடுக்கிய மூன்று கற்கள்

வெர்லா ஸ்டாட் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் ரொட்டி சுட்டவள். கனத்த உடம்பு, இடது முழங்கால் மக்கர். அப்படியும் சனிக்கிழமை தவறாமல் கணவன் டெல்வினோடு பள்ளத்தாக்கில் இறங்கிவிடுவாள். அவன் முன்னால் போவான், அவள் பின்னால் வருவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

டெல்வினுக்குப் பாறைதான் உலகம். எந்த அடுக்கு கடலடியில் படிந்தது, எது காற்றில் பறந்து வந்த மணல் என்று மணிக்கணக்கில் அளப்பான். செடிகொடியெல்லாம் அவனுக்குக் 'கீரை', அவள் 'பூக்காரி'. வெர்லாவோ இலைகளைப் பறித்து வந்து பழைய டெலிபோன் புத்தகங்களுக்குள் பாடம் பண்ணி வைப்பாள். சர்ச் விருந்துகளில் அதைச் சொல்லித்தான் அவன் எல்லோரையும் சிரிக்க வைப்பான். "எங்க வீட்ல போன் நம்பர் பாக்கணும்னா மொதல்ல புல்லு புடுங்கணும்!" நாங்களும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அவள் முகத்தைப் பார்த்தவர்கள்கூட வாயைத் திறந்ததில்லை.

இன்னொரு வீம்பும் அவனுக்கு உண்டு. நடக்க வருகிறவர்கள் வழி அடையாளத்துக்குக் கல்லை அடுக்கி வைத்தால், கண்ட இடத்தில் காலால் தட்டிவிடுவான். "பாறையப் படிக்கத் தெரியாதவன் வீட்ல கெடக்கணும்" என்பான்.

பள்ளத்தாக்கிலிருந்து வெளியேறப் பாறைச் சுவரில் ஒரே ஒரு வெடிப்புதான், ஓர் ஆள் நுழைகிற அகலம். அதற்கு அப்பால்தான் அவர்கள் வண்டி நிற்கும். வெர்லாவுக்குக் கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. அந்த ஜூனில் ஒரு சனிக்கிழமை, வெடிப்பின் கீழே மூன்று கற்களை அடுக்கினாள்.

"என்ன, கோயில் கட்டுறியா?" என்றான் டெல்வின்.

"எனக்கு மட்டுந்தான் டெல்வின். இது ஒண்ண மட்டும் விட்டுரு."

அவன் சிரித்தான். சரி என்று சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் வண்டிக்குத் திரும்பும்போது அவன் அரைமணி நேரம் முன்னால் போய்விட்டான். அவள் கற்களைத் தேடிக்கொண்டே நடந்தாள். சிவப்புச் சுவர் எங்கேயும் ஒரே மாதிரி இருந்தது. வெயில் உச்சிக்கு ஏறியபோது, வறண்ட ஆற்றுத்தடம் வீட்டுயரத்துக்குச் செங்குத்தாக அறுந்து விழும் இடத்தில் வந்து நின்றாள். வழி எப்போதோ தவறிவிட்டது. குப்பியில் இரண்டு மிடறு தண்ணீர், முழங்கால் புளித்த மாவாய் உப்பிவிட்டது. திரும்பி நடந்தால் செத்துப்போவோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் சுவரைப் பார்க்கவில்லை, செடிகளைப் பார்த்தாள். எல்லாம் வாடிக்கிடக்க, ஓர் ஊமத்தை மட்டும் இலை தொங்காமல் நின்றது. அதற்கு மேலே, பாறை விளிம்பில், ஈரத்தில் மட்டுமே வளரும் பெரணி கொஞ்சம். மேல் மணற்பாறை குடித்த மழை, அடியிலிருக்கும் களிப்பாறையைத் தாண்ட முடியாமல் அந்த இடுக்கில் கசிகிறது. அவள் தவழ்ந்தே மேலே ஏறி, பாசியில் வாயை வைத்து உறிஞ்சினாள். பிறகு தகரக் குவளையைச் சொட்டுக்குக் கீழே வைத்துவிட்டுப் புதருக்குப் பின்னால் நிழலில் சாய்ந்தாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது டெல்வின் குரல் கேட்டது.

"ஏய் பூக்காரி! எங்கடி போய்த் தொலஞ்ச?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்து வாயைத் திறந்தாள்.

"மூணு கல்லு இல்லேன்னா வழி தெரியாதா ஒனக்கு? நான்தான் தட்டிவிட்டேன்! படிக்கத் தெரியுதான்னு பாத்தேன்!"

திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

அவன் தொப்பி அவள் காலுக்குக் கீழே நகர்ந்து போனது. கையில் குப்பி இல்லை. வண்டியில் உட்கார்ந்து தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு, பத்து நிமிஷத்தில் இழுத்து வந்துவிடலாம் என்று வெறுங்கையோடு இறங்கியிருக்கிறான். அது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. அவன் மேலே பார்க்கவே இல்லை.

வெகுநேரம் கழித்து, பள்ளம் அறுந்து விழும் பக்கமிருந்து மறுபடி கூப்பிட்டான். "வெர்லா!"

பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. குரல் கிழிந்து வந்தது; வந்த வழியே திரும்ப அவனுக்குத் தெம்பில்லை என்று அதிலேயே தெரிந்தது.

"வெர்லா, தண்ணி இருக்கா?"

குவளை நிறைந்திருந்தது. ஒரு சத்தம் கொடுத்தால் போதும். பாவம் என்றுகூட இருந்தது. குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணீரோடு, முழுவதையும் குடித்து முடித்தாள். கீழே வைத்தபோது அவன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். இருட்டுவதற்குள் நின்றுவிட்டது.

மறுநாள் காலை தேடிப் போனவர்கள் அவளை உயிரோடு கண்டார்கள். டெல்வின் நூறடி தள்ளி, பட்டுப்போன மரத்தடியில், வெறுங்கையால் மணலைத் தோண்டியபடி செத்துக் கிடந்தான். நகங்கள் பெயர்ந்திருந்தன.

ஷெரிஃபின் போலீஸ்காரன் ரஸ்டன், நாற்பது வயதுக்காரன், அவள் சுட்ட ரொட்டியைத் தின்று படித்தவன். அவள் பக்கத்தில் குந்தினான்.

"வெர்லாம்மா, அவரு கூப்பிட்டது ஒங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

அவன் எழுதுவதை நிறுத்தினான். "ஒரு கொரல் குடுத்திருக்கலாமே?"

வெர்லா காலி குவளையை மறுபடியும் சொட்டுக்குக் கீழே வைத்தாள்.

"பாறையப் படிக்கத் தெரிஞ்ச மனுசன்ப்பா. நான் எதுக்குன்னு இருந்துட்டேன்."