சந்தியாகப்பருக்கு அரண்மனை எண்ணெய்

எங்கள் அத்தை அடைக்கலமேரி பொய் சொன்னால் ஊருக்கே கேட்கும். எதையும் மெதுவாகச் சொல்ல அவளுக்குத் தெரியாது.

ஆவூருக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊர்ச் சந்தியாகப்பர் கோயிலைக் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றுவது அவள் வேலை. கோயிலைக் கட்டியவர் ஒரு சேர்வைகாரர். அவர் இந்து. சண்டையில் தமக்காக உயிரைவிட்ட வேதக்காரர்களான கிறிஸ்தவ வீரர்களின் குடும்பங்களுக்காகக் கட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து பீட விளக்குக்கு எண்ணெய் அவர் வீட்டிலிருந்துதான் வரும். எண்ணெய் கொடுக்கிறவர் வாசலில்தான் ஆடித் திருவிழாச் சப்பரம் முதலில் இறங்கும், முதல் மாலையும் அவருக்கே என்பது வழக்கம்.

ஊரார் அரண்மனை என்று சொல்லும் அந்த வீட்டில், நாற்பத்திரண்டாம் வருஷம் மிஞ்சியிருந்தவர் உண்ணாமலை ஆயி மட்டும்தான். நிலமெல்லாம் கோர்ட்டு வழக்கில் போயிற்று. வேலையாட்கள் போனார்கள். எண்ணெயும் நின்றது. இனி எந்த முகத்தோடு சப்பரத்தை எதிர்பார்ப்பது என்று ஆயி அத்தையிடம் சொல்லி அழுதாராம்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. அவள் புருஷன் காலராவில் செத்தபோது சொந்தக்காரர்களே கதவைச் சாத்திக்கொண்டார்கள். வண்டி அனுப்பி நல்லடக்கம் செய்ய வைத்தவர் ஆயி.

கண்மாய்க் கரையில் இலுப்பைக் கொட்டை பொறுக்கினாள். செக்கில் கொடுத்து ஆட்டினாள். கூலிக்குப் புண்ணாக்கை விட்டுவிட்டாள். எண்ணெயை அரண்மனைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு, அரண்மனை எண்ணெய் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டே நடுத்தெருவில் வந்தாள்.

கண்டியில் கடை வைத்துச் சம்பாதித்துத் திரும்பிய தங்கமுத்துவுக்கு, சப்பரம் முதலில் தன் வாசலில் இறங்க வேண்டும் என்று ஆசை. ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் மனுஷன் அதற்காகச் செக்கடியில் போய் ஒளிந்து நின்றதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அடுத்த வருஷத் திருவிழாவுக்கு முதல் நாள், அத்தையைக் கையும் களவுமாகப் பிடித்துப் பங்குச் சாமியார் முன்னால் நிறுத்திவிட்டார்.

எண்ணெய் யாருடையது என்று சாமியார் கேட்டார். பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு பொய் சொல்ல அத்தைக்கு நாக்கு எழவில்லை. தன்னுடையதுதான் என்றாள். அப்படியானால் வழக்கப்படி சப்பரம் அடைக்கலமேரி வாசலுக்கே போகட்டும் என்றார் சாமியார். தங்கமுத்துவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அத்தைக்கும் சந்தோஷமில்லை. ஆயி வாசலைத் தாண்டிச் சப்பரம் போய்விடுமே என்று பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பினாள்.

மறுநாள் சாயங்காலம் சப்பரம் மேளதாளத்தோடு அவள் குடிசைக்குப் போனது. கதவு சாத்தியிருந்தது. தேடிப் பார்த்தால், புதுச்சேலை கட்டிக்கொண்டு அரண்மனை வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

தங்கமுத்து சண்டைக்குப் போனார். அத்தை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாமியாரிடம் சொன்னாள்.

"வேலக்காரங்க போனதுலேருந்து தெனமும் இந்த வாசலக் கூட்டித் தெளிக்கிறவ நான்தாங்க சாமி. இதுதான் என் வாசல். சப்பரத்த இங்கிட்டு எறக்கச் சொல்லுங்க."

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையைக் காட்டினார். சப்பரம் இறங்கியது. மாலை அத்தை கழுத்தில் விழுந்தது. மேளச் சத்தம் கேட்டு அரண்மனைக் கதவு திறந்தது. ஆயியைக் கண்டதும் அத்தை பதறிப்போய் எழப்பார்த்தாள். ஆயி அவள் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"எந்திரிக்காதடி. கொஞ்சம் நகந்து ஒக்காரு."

அத்தை நகர்ந்தாள். ஊரே பார்க்க, அந்த வாசற்படியில் அவள் பக்கத்தில் ஆயியும் உட்கார்ந்தார்.