கறுத்த மணல் வெளுத்த விதம்

கடலைப் பற்றிப் படிக்கும் என் மகள், அலையில்லாத கடற்கழிக் களப்பில் அள்ளிய மணல் போத்தலை, அட்டன் நகரில் உள்ள எங்கள் வீட்டில் திறந்தாள். கூழ்முட்டை நாற்றம். நினைவில் நான், சின்ன வயதில் வாழ்ந்த பூண்டுலோயா தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடுகளுக்கே போய்விட்டேன்.

அங்கே ஒரு வருடம் பெய்த பெருமழைக்கு மண் சரிந்து, நாங்கள் குடிக்கிற ஓடையை அடைத்துவிட்டது. தேங்கிய நீரடியில் சருகுகள் அழுகி, வெள்ளை மணல் கரியாகக் கறுத்தது. இதே நாற்றம். தம்பிக்கு வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லை.

கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு என் அம்மா மண்வெட்டியை எடுத்தார். "தோட்டத்துத் தொரை ஆளு அனுப்புற வரைக்கும் புள்ளைங்க தாங்காதுங்க. வாங்க, நாமளே வெட்டுவோம்!" லயத்துப் பெண்களெல்லாம் இறங்கினார்கள். இருட்டுவதற்குள் ஓடை பாய்ந்தது.

தம்பி தேறினான். நான் தினமும் மணலைப் போய்ப் பார்த்தேன். யாரும் கழுவாமலே கறுப்பு மேலிருந்து கீழாக மறைந்துகொண்டிருந்தது. ஒருநாள் கைவிட்டுக் கிளறினேன். அடிவரை வெள்ளை, சருகில் நரம்பு மட்டும் மிச்சம். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மகளிடம் சொன்னேன்.

"கரையோரக் கடலடியிலயும் அப்படித்தாம்மா. அலை தண்ணிய மணலுக்குள்ள தள்ளிக்கிட்டே இருக்கும். அந்தத் தண்ணியில வர்ற காத்த வச்சுத்தான் கண்ணுக்குத் தெரியாத உயிருங்க செத்ததையெல்லாம் தின்னு தீர்க்குதுங்க."

கடலை ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அலையில் கால் நனைத்து நின்றபோது, என் பாதத்துக்கடியில் இவ்வளவு வேலை நடந்துகொண்டிருந்ததா!