மீன்தொட்டிக்கு உப்பு பார்த்த நாள்

என் வீட்டுக்காரருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்த மறுநாள், அவருக்குப் பார்வை எப்படி இருக்கிறது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. மீன்தொட்டிக்கு உப்பு யார் பார்ப்பது என்பதுதான் பேச்சு. அவரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் கடல் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. பாக்கெட்டில் வருகிற மீன் உப்பைக் கரைத்து நாங்களே உண்டாக்கிய கடல். அதில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி மீன். கூடவே பூப்போல விரிந்து கிடக்கிற ஒரு பிராணி. அதை நாங்கள் பூ என்றே சொல்வோம். மீன் இரண்டும் அதற்குள்தான் படுத்துக்கொள்ளும். பெரியது பெண், சின்னது ஆண். பெரியது வந்து ஒரு முட்டு முட்டினால் சின்னது வாயைத் திறக்காமல் ஓரமாகப் போய்விடும். அந்த ஒழுங்குக்காகவே எனக்கு அவற்றைப் பிடிக்கும்.

அவர் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்று, அதட்ட ஆளில்லாமல் வாடிப்போய் இருந்த நேரத்தில் வந்த மீன்கள் இவை. காலையில் எழுந்ததும் என் முகத்தைப் பார்க்கிறாரோ இல்லையோ, அவற்றைப் பார்த்துவிடுவார். அவற்றுக்கு ஒன்று ஆனால் இந்த மனுசன் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும்.

உப்பு பார்க்க ஒரு குழல் உண்டு. அதன் பேர் என் வாயில் நுழையாது. முனையில் இருக்கிற கண்ணாடியில் இரண்டு சொட்டுத் தொட்டித் தண்ணீரை விட்டு, வெளிச்சத்துக்கு நேரே கண்ணில் வைத்துப் பார்த்தால், உள்ளே மேல்பாதி நீலம், கீழ்ப்பாதி வெள்ளை. இரண்டும் சேருகிற கோடு முப்பத்தைந்தில் நிற்க வேண்டும். அதற்கு முன்னால், உப்பில்லாத தண்ணீரை விட்டு, கோடு சைபரில் நிற்கிற மாதிரி ஒரு திருகைத் திருகிக்கொள்ள வேண்டும். மீன் விற்ற மேலப்பாளையம் பாய், அதற்கென்று தனியாகத் தண்ணீர் பாட்டில் வாங்கச் சொன்னார். இவர் சிரித்துவிட்டார்.

"ஆத்துத் தண்ணிக்கு மேல என்ன சுத்தம் வே? எங்க குடத்துல இருக்கது தாமிரபரணியாக்கும்."

அன்று முதல் சைபருக்கு எங்கள் வீட்டுக் குடத்துத் தண்ணீர்தான்.

குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தொட்டி இருப்பதோ இடுப்பு உயரத்தில். ஆகவே குழல் என் கைக்கு வந்தது. மருமகள் காலைக் காப்பியைப் போட்டுக் கொடுத்துவிட்டு பேங்குக்குப் போய்விட்டாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கல்யாண போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி அவர் நாற்காலியில் விறைப்பாக இருந்தார்.

"எண்ணு தெரியுமாட்டி ஒனக்கு?"

"பஸ்சு நம்பர் பாத்து ஏறுதேன்லா. இது தெரியாதா?"

குடத்துத் தண்ணீரை விட்டுச் சைபர் வைத்தேன். தொட்டித் தண்ணீரை விட்டுப் பார்த்தேன்.

"முப்பத்திரெண்டு."

"இருக்காது. மறுபடி பாரு."

மறுபடியும் முப்பத்திரண்டுதான்.

"நேத்து காலையில நானே பாத்தேன். முப்பத்தஞ்சு."

"எந்தக் கண்ணால பாத்திய? புரை விழுந்த கண்ணாலதான?"

விளையாட்டாகத்தான் சொன்னேன். எத்தனை மாதமாகத் தப்பாகப் பார்த்தோமோ, மீன்கள் உப்புக் குறைந்த தண்ணீரில் கிடந்தனவோ என்று அவருக்குள் ஓடுவது முகத்தில் தெரிந்தது. பிறகு மெல்லச் சொன்னார். "உப்பக் கரைச்சு ஊத்து. பைய ஊத்து."

குடிக்க வாங்குகிற கேன் தண்ணீரில் மீன் உப்பைக் கரைத்து, மக்கு மக்காக ஊற்றினேன். மத்தியானம் குழல் முப்பத்துநாலு காட்டியது. ஆனால் மீன் இரண்டும் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. பூ, பிழிந்து போட்ட எலுமிச்சம்பழத் தோல் மாதிரி சுருண்டிருந்தது.

"எப்படி இருக்கு?"

"இருக்கு."

"இருக்குன்னா? மேல நிக்கா?"

அவர் எழுந்தேவிட்டார். நான் தோளைப் பிடித்து அழுத்தினேன். "குனிஞ்சியன்னா மறுபடியும் ஆஸ்பத்திரிதான். உக்காருங்க."

"இன்னும் ஒண்ணு குறையுதுல்லா. அதான் மூச்சு வாங்குது. சீக்கிரம் ஊத்துட்டி."

மக்கு கையில் இருந்தது. ஊற்ற மனம் வரவில்லை. ஒவ்வொரு தடவை ஊற்றிய பிறகும் அவை இன்னும் மோசமாகத்தான் போயிருந்தன. பாய்க்குப் போன் போட்டேன்.

"ஆச்சி, மொதல்ல சைபர் சரியா நிக்கான்னு பாருங்க," என்றார்.

குடத்தில் இருந்து இரண்டு சொட்டு எடுத்துப் பார்த்தேன். கோடு இம்மி பிசகாமல் சைபரில் நின்றது.

"சைபர்லதான் நிக்கு பாய்."

"அப்ப உப்பு குறைவுதான் ஆச்சி. வேற என்னத்தச் சொல்லட்டும்?"

இவர் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். "காப்பி ஒருவா குடிச்சிட்டு ஊத்துதேன்," என்றேன். தள்ளிப்போட எனக்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்கவில்லை.

அடுக்களையில் கை தன் பழக்கத்துக்குக் குடத்துக்குள் போனது. காப்பியைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏட்டி, மீனுக்கு வச்ச உப்ப எனக்குப் போட்டுட்டியா?"

"கண்ணுதான் போச்சுன்னு பாத்தா நாக்குமா?" என்று நானும் ஒரு வாய் குடித்தேன். கரித்தது. ஓடிப்போய்க் குடத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தேன். ஆத்துத் தண்ணீர் இல்லை, போர்த் தண்ணீர். எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது.

மருமகளுக்குப் போன் போட்டேன்.

"நேத்து எல்லாரும் ஆஸ்பத்திரியில இருந்தோம்லா அத்தே. ஆத்துத் தண்ணி வந்தப்போ பிடிக்க ஆளில்ல. வெறுங்குடம் வைக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவிய? அதான் போர்த் தண்ணிய ரொப்பி வச்சேன். குடிக்கத்தான் கேன் இருக்கே."

அவள் இந்த வீட்டுக்கு வந்ததும் நான் போட்ட முதல் சட்டம் அது. போனை வைத்தேன்.

கேனின் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதில் சைபர் வைத்துத் தொட்டியைப் பார்த்தேன்.

"முப்பத்தேழு."

அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "போர்த் தண்ணியில இருந்த மூணு உப்ப சைபர்னு வச்சிருக்கோம். அப்ப காலையில முப்பத்தஞ்சாத்தான் இருந்திருக்கு. என் கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு."

"ஆமா. மீனு செத்தா அதுகிட்டப் போய்ச் சொல்லுங்க."

அவர் ஒரு வாளி நல்ல தண்ணீரை உடனே தொட்டியில் கொட்டச் சொன்னார். பாய் போனில் பதறினார். "ஒரேயடியா இறக்குனாலும் தாங்காது ஆச்சி. ஒரு டம்ளர் எடுங்க, ஒரு டம்ளர் நல்ல தண்ணி ஊத்துங்க, கொஞ்சம் பொறுங்க. பைய இறங்கட்டும்."

கடைக்குச் சொல்லிவிட்ட புதுக் கேன் வந்தது. எடுத்தேன், ஊற்றினேன், பொறுத்தேன். கால் முட்டு வலித்தது. சின்னது ஒரு பக்கமாகச் சரிந்து கண்ணாடியில் சாய்ந்தது. பெரியது போய் அதை முட்டியது. அது விலகி மறுபடி சாய்ந்தது. பெரியது மறுபடி முட்டியது.

"என்ன நடக்குன்னு சொல்லு. மறைக்காத."

"பெருசு சின்னத முட்டுது."

"முட்டட்டும். படுக்க விடாம முட்டட்டும்."

மறுபடி எடுத்தேன், ஊற்றினேன். டம்ளர் சத்தம் மட்டும் கேட்டது.

தெருவிளக்கு எரிகிற நேரத்துக்குப் பூ ஒரு விரலை நீட்டியது. பிறகு இன்னொன்று. பெரியது உள்ளே போனது. சின்னது மட்டும் வெளியே தள்ளாடிக்கொண்டு நின்றது. எனக்கு டம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. கடைசியில் அதுவும் வாலை அசைத்து அசைத்துப் போய், பெரியதின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது.

"ரெண்டும் உள்ள போயிட்டு," என்றேன். அவர் நாற்காலிக் கையை விட்டார்.

மருமகள் வந்து அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தாள். "என்ன அத்தே, குடத்தக் கவுத்து வச்சிருக்கிய?"

"இன்னைக்கு அப்படியே கெடக்கட்டும்," என்றேன்.

மறுநாள் காலை குழலைக் கண்ணில் வைத்தேன்.

"எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு."

"மொதல்ல காப்பியக் கொண்டா."

கொடுத்தேன். ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, கொஞ்ச நேரம் யோசித்து, விழுங்கினார்.

"சரி. முப்பத்தஞ்சுதான்."