மண் பற்றாத மனை

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். பேய், காற்று, கருப்பு எதையும் நம்பாதவள் நான். மயிலாப்பூரில் பெண் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தருகிறேன், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன், இந்த இரண்டுக்கும் நடுவில் அதற்கெல்லாம் இடமே இருந்ததில்லை.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் ஜெனிக்கு வீசிங். ராஜா அண்ணாமலைபுரம் வீட்டு வாசலில் ஒரு லாரி போனால் போதும், மூச்சு இழுக்கும். காற்று நன்றாக உள்ள இடத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று அச்சிறுபாக்கம் பக்கம் ஒரு மனை பார்த்தோம். பட்டா, வில்லங்கம், வண்டி வரும் பாதை, கிணற்றுத் தண்ணீர், மழைக்கு ஏரி நிரம்பினால் உள்ளே வருமா என்பது வரை விசாரித்தாயிற்று, ஒரு குறையும் இல்லை. என் கணவருக்குத்தான் திருப்தியில்லை. குழி தோண்டி அதே மண்ணைத் திரும்பப் போட வேண்டுமாம், மிஞ்சினால் நல்ல மனையாம், பற்றாவிட்டால் ஆகாதாம்.

"தோண்டின மண்ணு உதிரியாயிடும், எப்பவும் மிஞ்சத்தாங்க செய்யும். எங்க ஏழாங்கிளாஸ் பொண்ணுங்களுக்கே தெரியும்" என்று சொல்லி, அவர் வாயை அடைக்கவே நானே கடப்பாரையை வாங்கிக் குழி எடுத்தேன்.

பட்டப்பகல். தூசிக்குப் பயந்து ஜெனி கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளேயே இருந்தாள். எடுத்த செம்மண் முழுவதையும் தள்ளியும் குழி பாதிகூட நிரம்பவில்லை.

"இன்னா டீச்சரம்மா, மண்ண ஹேண்ட்பேக்ல போட்டுக்கினீங்களா?" என்று சிரித்த புரோக்கர் தேவா, பக்கத்திலிருந்து சட்டி சட்டியாக அள்ளிக் கொட்டினார். கொட்டக் கொட்ட இறங்கியது. அவர் சிரிப்பு நின்றது. "வேணாம் மேடம், எனுக்கே ஒரு மாதிரி கீது. கெளம்பிடலாம்."

நான் விடவில்லை. உள்ளே எலி வளை இருக்கும் என்று மிதித்து மிதித்துத் தள்ளினேன்.

அப்போது கார் ஹாரன் விடாமல் அடித்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், ஜெனியின் வாய் நிறையச் செம்மண். ஈரமாக. விரலை விட்டுத் தோண்டித் தோண்டி எடுத்தேன். நம்பினால் நம்புங்கள், அவள் கையிலும் செருப்பிலும் பொட்டு மண் இல்லை. வண்டியை விட்டு அவள் இறங்கவே இல்லை. அவளே தின்றிருப்பாள் என்கிறார்கள். அவர்கள் விரலா உள்ளே போனது?

திரும்பிப் போய் அந்தக் குழியருகே நின்று கத்தினேன். "எம்புள்ளய தொடுறியா? உம்மேல ஒரு செங்கல் வைக்க மாட்டேன், போ!" கணவர்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தார். மனை வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டோம். பயந்து சொல்லவில்லை. என் பிள்ளையைக் கேட்கிற இடம் எனக்கு எதற்கு?

அன்றிலிருந்து ஜெனிக்கு மூச்சு இழுக்கவில்லை. ஒரு தடவைகூட இல்லை. நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்க்கும் டாக்டருக்கு அத்தனை சந்தோஷம். தூங்கும்போது அவள் சீராக மூச்சு விடுவதைக் கேட்டபடி ஜெபம் சொல்ல உட்காருகிறேன். இந்த நன்றியை யாருக்குச் சொல்வதென்று தெரியாமல் பாதியில் நிறுத்திவிடுகிறேன்.